கோனுக்குள் என்ன இருக்கிறது? கர்ப்பகாலத்து மருதாணி பற்றி

"பிள்ளை வயித்தில இருக்கேக்க மருதாணி போடலாமோ?" என்ற கேள்வியை எங்கள் பெண்கள் விடுதியில் கேட்டால் குறைந்தது நான்கு பதில்களாவது கிடைக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "குளிர், சளி பிடிக்கும், வேண்டாம்" என்று அம்மம்மா சொன்னதைச் சொல்லுவா. அக்கரைப்பற்றுப் பிள்ளை, "எங்கட உம்மம்மா மருதோண்டி அரைச்சி வெச்சி உடுவா, உடம்புச் சூட்டுக்கு நல்லம்" என்பா. ஹட்டனிலிருந்து வந்தவளுக்கு மருதாணி இல்லாமல் வளைகாப்பு என்பதே விளங்காது. நான்காவது பதில் கைத்தொலைபேசியிலிருந்து வரும். ஒரு காணொளி முழுப் பாதுகாப்பு என்று சொல்லும், அடுத்தது குழந்தைக்கே ஆபத்து என்று சொல்லும்.

இந்தப் பதில்கள் ஒன்றோடொன்று மோதினாலும் ஒரு விசயத்தில் ஒத்துப்போகின்றன. எல்லாமே பெண்ணின் உடம்பைப் பற்றியே பேசுகின்றன. அவள் சூட்டுடம்பா, குளிர் உடம்பா, எத்தனையாவது மாதம், போடலாமா, கூடாதா என்பதே கதை. அவள் கையில் வைக்கப்போகும் அந்தக் கோனுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் இங்கே சொல்ல வருவது இதைத்தான்: கர்ப்பகாலத்து மருதாணியின் ஆபத்தில் பெரும்பகுதி பெண்ணின் உடம்பில் இல்லை, கோனில் இருக்கிறது. ஆகவே பதில் சொல்ல வேண்டியவர்களும் வேறு ஆட்கள்.

இலை ஒன்று, கோன் இன்னொன்று

முதலில் மருதாணி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மருதாணி இலையில் லோசோன் என்ற நிறப்பொருள் இருக்கிறது. இலையை அம்மியில் அரைத்தோ, காயவைத்த தூளை எலுமிச்சைச் சாறோ தேயிலைச் சாயமோ விட்டுக் குழைத்தோ வைத்தால், அந்த நிறம் மேற்தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைகிறது. இதற்கு நேரம் வேணும். அதனால்தான் இரவு வைத்து, துணி சுற்றிப் படுத்து, விடியக் கழுவுகிறார்கள். கழுவியவுடன் நிறம் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாட்களில் காற்றுப்பட்டு கருஞ்சிவப்பாக மாறும். மேற்தோல் உரிய உரிய ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறைந்துவிடும்.

இங்கே இன்னொரு விசயத்தையும் கவனிக்க வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிப்பு, அதனால் நிறம் ஆழமாகப் பிடிக்கும். வயிற்றுத் தோல் மெல்லியது. அங்கே தூய மருதாணி எவ்வளவு நேரம் இருந்தாலும் இளஞ்செம்மஞ்சளுக்கு மேல் பெரிதாகப் போகாது.

எங்கள் அம்மம்மாக்கள், உம்மம்மாக்கள் காலத்தில் இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அவர்கள் வயிற்றில் கோலம் போடவில்லை. கையிலும் காலிலும் வைத்தார்கள், விரல்களுக்குத் தொப்பி போட்டார்கள், அவ்வளவுதான். வயிற்றில் மயிலும் தாமரையும் வரைந்து படமெடுப்பது அண்மையில் வந்த வழக்கம். யாழ்ப்பாணத்தில் முன்பு பெரிதாகக் கேள்விப்படாத வளைகாப்பும் இப்போது மண்டபம் எடுத்து, பின்திரை கட்டி, புகைப்படப்பிடிப்போடு நடக்கிறது. இதில் எங்களுக்கு எந்த முறைப்பாடும் இல்லை. வழக்கங்கள் மாறத்தான் செய்யும். ஆனால் கமெராவுக்கு முன்னால் இளஞ்செம்மஞ்சள் எடுபடாது. படப்பிடிப்புக்கு வரும் பெண்ணுக்கு எட்டு மணித்தியாலம் மருதாணி காயும்வரை இருக்கவும் நேரமில்லை. "கொஞ்சம் கடுமையா வரணும், கெதியா வரணும்" என்று கேட்கிறார்கள். கறுப்புக் கோன் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

மருதாணி இலையில் கறுப்பு நிறம் இல்லை. பத்து நிமிடத்தில், அரை மணித்தியாலத்தில் மை போல் கறுப்பாகப் பிடிக்கிற ஒன்று இருந்தால், அதற்குள் வேறு சாயம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேறு சாயம் பெரும்பாலும் பரா-பீனைலீன்டயமீன், சுருக்கமாக பீ.பீ.டீ. தலைக்கு அடிக்கும் கறுப்பு 'டை'யில் இருப்பதும் இதுதான்.

தலை டையில் இருக்கிறதுதானே, அப்ப என்ன என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமயிர்ச் சாயத்திலேயே இதை 2 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. தோலில் நேரடியாகப் பூசும் பொருட்களில் சேர்க்க அனுமதியே இல்லை. அமெரிக்காவில் இன்னும் கடுமை. அங்கே மருதாணிக்கேகூட தலைமயிர்ச் சாயமாக மட்டும்தான் அனுமதி. டை பூசும்போது அது மயிரில் கொஞ்ச நேரம் நின்று கழுவுப்படுகிறது. கறுப்புக் கோனில் அதே பொருள், அளவு என்னவென்று யாருக்கும் தெரியாமல், தோலின் மேல் மணித்தியாலக் கணக்கில் காய்கிறது.

பீ.பீ.டீ.யின் மோசமான குணம், முதல் தடவை பல பேருக்கு ஒன்றும் செய்யாமல் விடுவது. "நான் போன பெருநாளைக்கும் இதான் போட்டன், ஒண்டும் நடக்கல்ல" என்று சொல்லுவோம். ஆனால் அந்த முதல் தடவையிலேயே உடம்பு அதை எதிரியாகப் பதிந்து வைத்திருக்கலாம். அடுத்த முறை போட்ட ஓரிரு நாட்களில் கோலம் எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில் தோல் சிவந்து, தடித்து, கொப்பளம் போடும். ஆறிய பிறகும் வெளிறிய தழும்பாக நிற்கலாம். இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். பிறகு தலைக்கு டை அடிக்க முடியாது. சில துணிச் சாயங்களும், விறைப்பூசி வகை மருந்துகள் சிலவும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பீ.பீ.டீ. மட்டும்தான் பிரச்சினை என்றும் இல்லை. நிறம் கெதியாக இறங்க வேண்டும் என்று மண்ணெண்ணெய், தின்னர் போன்றவற்றைக் கலக்கும் பழக்கமும் இருக்கிறது. கோனை வெட்டியவுடன் இலை மணம் வராமல் பெயின்ற் கடை மணம் வந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

"ஆசைப்பட்டாய்தானே"

எங்களில் ஒருத்தியின் மச்சாளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. வயிற்றிலும் இரண்டு கைகளிலும் கறுப்புக் கோலம். படங்கள் வடிவாக வந்தன. மூன்றாம் நாள் வயிற்றில் கோலத்தின் கோடு கோடாகக் கொப்பளம். வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன போட்டீங்கள், பக்கெற்றைக் கொண்டாங்கோ." குப்பைக்குள் கிடந்த பக்கெற்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒரு மணப்பெண்ணின் படம் இருந்தது, "100% இயற்கை" என்று ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளடக்கம் என்ன, யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது, எப்போது காலாவதி, ஒன்றுமே இல்லை. வைத்தியருக்கு அதிலிருந்து எந்தப் பிரயோசனமும் இல்லை.

ஆனால் வீட்டில் யாரும் பக்கெற்றைத் திட்டவில்லை. "வயித்தில பிள்ளையை வச்சுக்கொண்டு உனக்கு ஏன் இந்த வேலை?" என்று மாமி கேட்டா. "ஆசைப்பட்டாய்தானே, அனுபவி" என்று இன்னொருவர் சொன்னார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் பிறக்கும்வரை அவ ஒவ்வொரு இரவும், தன்னுடைய ஆசையால் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று பயந்துகொண்டே படுத்தா. கோனை விற்ற கடைக்காரர் அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார்.

இதனால்தான் "கர்ப்பிணிகள் மருதாணியைத் தவிர்ப்பது நல்லது" என்ற ஒற்றை வரி அறிவுரையோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கேட்க அக்கறை போல இருக்கும் இந்த வரி, பொருளின் குற்றத்தைப் பெண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறது. எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தங்கிய நாளிலிருந்து கூடாதவைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பப்பாசி, அன்னாசி, கிரகணம், அந்தி நேரத்துப் பயணம். அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பது மிகச் சுலபம். அதைச் சேர்க்கிற யாருக்கும் ஒரு சதம் செலவில்லை. மருதாணி வைப்பது, அந்த ஒன்பது மாதத்தில் மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி இருந்து, அவளுடைய கையையும் காலையும் பிடித்து, கதைத்துச் சிரித்து, அவளுக்காகச் செய்கிற ஒன்று. அதைப் பறிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை

அதற்காக "எல்லாம் ஓகே" என்றும் நாங்கள் சொல்லவில்லை. வேறு நோய் இல்லாத கர்ப்பிணி ஒருவர், தூய மருதாணியை முழுத் தோலில் பூசுவது பொதுவாகப் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. அதிலும் சில விசயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்று, ஜி-6-பி-டி என்ற நொதியக் குறைபாடு. இது பரம்பரையாக வருவது. இந்தக் குறைபாடு உள்ளவர்களில் லோசோன் தோலின் வழியாக உள்ளே போய்ச் செங்குழியங்களைச் சிதைக்கக்கூடும். அதாவது, இங்கே தூய இலையே பிரச்சினை. தனக்கோ குடும்பத்திலோ இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தவர்களும், கடுமையான குருதிச்சோகை உள்ளவர்களும் கிளினிக்கில் கேட்காமல் வைக்கவே கூடாது.

இரண்டு, பிறந்த பிள்ளை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்க்கு வேண்டாம் என்று பதறும் அதே வீடு, 31 ஆம் நாளிலோ 40 ஆம் நாளிலோ பிள்ளையின் பாதத்தில் வடிவுக்கு மருதாணி வைக்கும். ஜி-6-பி-டி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியபின் குருதி சிதைந்து, உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு செங்கண்மாரியும் குருதிச்சோகையும் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று பெரும்பாலான வீடுகளில் தெரியாது. ஆகவே குழந்தைக்கு எந்த மருதாணியும் வேண்டாம். படத்துக்கு ஒரு பூ போதும்.

மூன்று, உள்ளே எடுப்பது. தோலில் பூசுவது வேறு, நாட்டு மருந்தென்று இலையையோ வேரையோ அவித்துக் குடிப்பது வேறு. கர்ப்பகாலத்தில் இரண்டாவதற்கு இடமே இல்லை.

நான்கு, சொறி. கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தழும்போ பருவோ இல்லாமல் கடுமையான சொறி வந்து, இரவில் கூடினால், "மருதாணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று விட்டுவிடக் கூடாது. ஈரலிலிருந்து பித்தம் சரியாக வடியாததாலும் கர்ப்பகாலத்தில் இப்படிச் சொறி வரும். அதற்குக் குருதிப் பரிசோதனை வேணும், பிள்ளையையும் கவனிக்க வேணும். மருதாணி வைப்பதும் அதே உள்ளங்கை, அதே உள்ளங்கால் என்பதால் குழப்பம் இலகுவாக வரும்.

ஐந்து, வைக்கிற விதம். வயிறு பெரிதான பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு மணித்தியாலம் வரைந்தால், வயிற்றின் பாரம் பெரிய நாளத்தை அமத்தி, தலைசுற்றும், மயக்கம் வரும். சாய்ந்து இருக்கவோ, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவோ விட வேண்டும். இடைக்கிடை எழும்பி நடக்க விட வேண்டும். பிரசவ நாள் கிட்டினால் ஒன்றிரண்டு விரல் நுனிகளையும் நகங்களையும் நிறம் இல்லாமல் விடுவது நல்லது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை விரலில்தான் மாட்டுவார்கள். நகமும் உள்ளங்கையும் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அங்கேதான்.

கோன் போடும் அக்காக்களும் நாங்களும்

மருதாணி போட்டுக் காசு உழைப்பவர்களைக் குற்றவாளிகளாக்குவது எங்கள் நோக்கம் இல்லை. அவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற பிள்ளைகள்தான். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு மகாபொலவில் மாதம் ஓடாது என்று விளங்கியபோது, எங்கள் பீடத்திலேயே சில பேர் கோனோடு வெளிக்கிட்டார்கள். எங்கள் தோழி ஒருத்தி தூளைத் தானே அரித்து, எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைத்து, கோன் சுற்றி, விடுதிச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பா. அவவின் முறைப்பாடு இதுதான்: "நான் நாளைக்குத்தான் நிறம் வரும் எண்டு சொல்ல, மற்ற ஆள் அரை மணித்தியாலத்தில வரும் எண்டு சொல்லுறா. யாரைக் கூப்பிடுவினம்?"

அதாவது, ஒழுங்காகச் செய்கிறவள் சந்தையில் தோற்கிறாள். கறுப்புக் கோனால் பாதிக்கப்படுபவர்களில் அதைப் போட்டுவிடுபவளும் ஒருத்தி. வாடிக்கையாளர் மாதத்தில் ஒரு தடவை தொடும் பொருளை அவள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை வெறுங்கையால் தொடுகிறாள். அவளுக்கும் தான் என்ன தொடுகிறாள் என்று பக்கெற்றில் எழுதியிருக்க வேண்டும்.

தூய மருதாணிக் குழைவைப் பற்றி அவவிடம் நாங்கள் படித்த ஒரு சின்னப் பாடம் எல்லாருக்கும் உதவும். குளிரில் வைக்காவிட்டால் அது சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அப்படியென்றால் ஃபான்சி கடையில் காசு மேசைக்குப் பக்கத்தில், வெக்கையில், மாதக்கணக்கில் தொங்கும் கோன் எப்படி "100% இயற்கை" ஆகும்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை.

யாரிடம் கேட்பது

இலங்கையில் 1980 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்கள் இருந்தன. அதை நீக்கிவிட்டு வந்த 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டம், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையை உருவாக்கியது. அது பேசுவது மருந்துகள், மருத்துவ சாதனங்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருட்கள் பற்றி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003 இன் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விலையும் காலாவதித் திகதியும் இல்லாத பிஸ்கட் பக்கெற்றைப் பிடிக்கிறார்கள், நல்லது. தோலில் பூசுகிற, கர்ப்பிணியின் வயிற்றில் பூசுகிற ஒரு பொருள் எதுவுமே எழுதப்படாமல் தொங்குவதும் அதே கடையில்தான்.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை இல்லை. கோனின் உள்ளடக்கம், செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், காலாவதித் திகதி ஆகியவை மூன்று மொழியிலும் எழுதப்பட வேண்டும். எழுதப்படாத கோனைக் கடைகள் விற்கக் கூடாது. தோலில் பூசும் பொருளில் பீ.பீ.டீ. சேர்ப்பது வெளிப்படையாகத் தடைசெய்யப்பட வேண்டும். கர்ப்பிணி கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்மார் எத்தனையோ விசயங்களைச் சொல்லித் தருகிறார்கள். அதோடு கறுப்புக் கோனைப் பற்றியும், பிள்ளைக்கு மருதாணி வைக்காதிருப்பதைப் பற்றியும் இரண்டு நிமிடம் சேர்த்தால் போதும்.

இதெல்லாம் நடக்கும்வரை நாங்கள் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. வளைகாப்புக்கோ பெருநாளுக்கோ ஆள் பிடிக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் "என்ன கலக்கிறீங்கள்?" என்று கேட்போம். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் போட வேண்டாம். கறுப்பு வேணும் என்று கேட்காமல் இருப்போம். வயிற்றில் இளஞ்செம்மஞ்சள்தான் வரும் என்று தெரிந்துகொண்டே போடுவோம், புகைப்படக்காரர் வெளிச்சத்தைச் சரிசெய்யட்டும். எரிவோ கொப்பளமோ வந்தால் உடனே கழுவி, வைத்தியரிடம் போய், கர்ப்பமாக இருப்பதையும் என்ன போட்டது என்பதையும் சொல்லுவோம். பக்கெற்றை எறியாமல் படம் எடுத்து வைத்து, 1977 என்ற நுகர்வோர் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைப்போம். ஒரு அழைப்பால் ஒன்றும் நடக்காது என்பார்கள். நூறு அழைப்பு வந்தால் யாராவது ஒரு கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டி வரும்.

வீட்டில் இலை கிடைத்தால் இன்னும் நல்லம். எத்தனையோ வளவுகளில், வேலியோரத்தில், மருதாணி மரம் இப்பவும் நிற்கிறது. ஒரு பின்னேரம் இலை ஆய்ந்து, அரைத்து, மாசமாக இருக்கிற அக்காவுக்கோ மச்சாளுக்கோ தாத்தாவுக்கோ வைத்துவிடுங்கள். அவ கதிரையில் வசதியாகச் சாய்ந்து இருக்கட்டும். யாராவது வந்து "இந்த நேரத்தில மருதாணி வைக்கலாமோ?" என்று அவவைக் கேட்டால், நீங்கள் பதில் சொல்லுங்கள்: "இது இலை. நாங்கள்தான் அரைச்சது."